ஒரு தொட்டி நேரம்

மாடிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் வேலைத்தளத்தில் செங்கல் சுமப்பவர்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஏணியில் ஏறிவிடுவார். மாலையில் எல்லோரும் போன பிறகுதான் இறங்குவார். கட்டடம் எத்தனை மாடி உயர்ந்திருக்கிறதோ அதற்கும் மேலே, கோபுரக் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புக் கம்பிக்கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி வைப்பது அவர் வேலை. வேலை எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால், “எனக்கென்ன? உங்களுக்குத்தான் தலைக்கு மேல வேலை நடக்குது” என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு கடைசி ஒரு வருடமாக அவருக்கு ரசிக்கவில்லை, ஆனாலும் பழக்கத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

மேலே இருப்பவருக்குக் கீழே ஒரு கண் வேண்டும். சுமையைக் கொக்கியில் மாட்டி, கையில் இருக்கும் வாக்கி டாக்கியில் ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘கொஞ்சம் இடது’ என்று சொல்ல ஓர் ஆள். அந்த ஆள் அவருடைய மச்சினன். முதலில் மச்சினனாக வரவில்லை, வெறும் குரலாகத்தான் வந்தான். குரல் சிநேகமாகி, சிநேகம் முற்றி, தன் அக்காவையே அவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டான். “வாக்கி டாக்கில பேசி முடிச்ச சம்பந்தம்” என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இருவருக்கும் இன்னொரு பைத்தியமும் பொது. கம்பி விமானம்.

ரிமோட்டில் பறக்கும் விமானம் இல்லை இது. ஒரு முழ நீளத்துக்குச் சின்ன மர விமானம். மூக்கில் கட்டைவிரல் பருமனில் ஒரு இன்ஜின். இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நீண்டு வந்து, நடுவில் நிற்பவரின் கைப்பிடியில் முடியும். கைப்பிடியைப் பின்னால் சாய்த்தால் விமானம் ஏறும், முன்னால் சாய்த்தால் இறங்கும். விமானம் வட்டமாகப் பறக்க, நடுவில் நிற்பவரும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினை நடுவில் நிறுத்த வழியில்லை. தொட்டியில் ஊற்றிய எண்ணெய் தீரும்வரை சுற்றியே தீர வேண்டும். புதிதாகப் பிடிப்பவர்கள் பாதியிலேயே குடித்தவன் மாதிரி தள்ளாடி உட்கார்ந்துவிடுவார்கள்.

மூடிக்கிடக்கும் ஒரு மில்லுக்குப் பின்னால் உள்ள காலி மனையில், விடுமுறை நாட்களில் இவர்களைப் போல ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாவற்றையும் அவர்கள் தொட்டியில்தான் அளப்பார்கள். டீ குடித்துவிட்டு வர எவ்வளவு நேரமாகும் என்றால் ‘அரைத் தொட்டி’. எலக்ட்ரீஷியன் ஒருவரின் மாமியார் ஃபோனில் பேசினால் ‘நாலு தொட்டி’. அந்தக் கூட்டத்தில் தள்ளாடாமல் நிற்பவர் என்று பேர் வாங்கியவர் மாடிக்காரர். எண்ணெய் தீர்ந்து விமானம் தரை தட்டியதும், ஏதோ பஸ்ஸுக்குக் காத்து நின்றவர் போல நிதானமாக நடந்து வருவார்.

அவருக்குத்தான் தலை சுற்ற ஆரம்பித்தது.

முந்தைய கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே அது தொடங்கிவிட்டது. ஒரு நாள் குனிந்து செருப்பு மாட்டும்போது தரை சாய்ந்தது. பிறகு இடது காதுக்குள் மோட்டார் ஓடுவது போல ஓர் இரைச்சல். பிறகு கூண்டில் உட்கார்ந்திருக்கும்போதே, எதிரில் தெரியும் கட்டடங்கள் எல்லாம் ஒரு பக்கமாக நழுவிப் போய்த் திரும்பி வந்தன. தெரிந்தவர்கள் யாரும் வராத பக்கமாகப் பார்த்து ஒரு காது டாக்டரிடம் போனார். டாக்டர், “என்ன வேலை பாக்கறீங்க?” என்றார். “கடையில உக்காந்திருக்கேன் சார்” என்றார் இவர். “அப்ப பரவால்ல. உள்காதுல கோளாறு. அடிக்கடி வந்து வந்து போகும், முழுசா போகாது. உயரத்துல மட்டும் ஏறிடாதீங்க.” மாத்திரையை வாங்கி விமானப் பசை டப்பாவுக்குள் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல ஏணியில் ஏறிவிட்டார்.

எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கீழே வந்தால் என்ன ஆவோம் என்பதுதான் அவர் பயம். தரையில் அவருக்கு ஒரு கெட்டிக்காரத்தனமும் கிடையாது. ரேஷன் வரிசையில்கூட முன்னால் இருப்பவர்கள் எல்லாம் போன பிறகுதான் அவர் முறை வரும். மேலே கூண்டுக்குள் மட்டும்தான் அவர் சொன்னபடி எல்லாம் அசையும். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் ஓட்டிவிடுவோம் என்று ஓட்டிய நாட்கள்தான் அத்தனையும்.

பிறகு அந்தக் கம்பிக்கட்டு விவகாரம் வந்தது. மேல்தளத்தில் ஒரு கம்பிக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே நின்ற மச்சினனின் குரல் ‘மெதுவா, மெதுவா’ என்கிறது. திடீரென்று ஆகாயம் வலது பக்கம் சரிந்தது. கை தானாக லீவரைத் தள்ளிவிட்டது. கட்டு தடாலென்று விழுந்து சாரத்தை நசுக்கியது. ஒரு நொடிக்கு முன்புவரை மச்சினன் நின்ற இடம் அது. எதற்கோ இரண்டடி நகர்ந்திருந்தான், பிழைத்தான்.

காற்று தள்ளிவிட்டது என்று பூசி மெழுகினார். சூப்பர்வைசரும் நம்பினார். மச்சினன் மட்டும் கிரேன் உச்சியில் இருந்த கொடியைப் பார்த்தான். அது துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் பேசாமல், அன்று மாலை நேராகப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டான்.

“காத்துதான்” என்றார் மாடிக்காரர் வீட்டிலும்.

“காத்தடிச்சா துணி காயணும்” என்றாள் மனைவி. “அன்னிக்குப் பூரா மாடியில போட்ட துணி ஈரமாவே கெடந்துச்சு.”

மறுநாளே அவர் இடுப்பு வலி என்று இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். மனைவி தினமும் அதையே கேட்டாள். “நீங்க மேல உக்காந்திருக்கீங்க, அவன் கீழ நிக்கிறான். எனக்கு ரெண்டு பேரும் வேணும். தல சுத்துதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“சுத்தல” என்றார் ஒவ்வொரு தடவையும்.

வழி சொன்னவன் மச்சினன்தான். “சண்டை எதுக்கு? புதுசா ஒரு விமானம் பண்ணுங்க அத்தான். லீவு முடியறதுக்குள்ள மில்லுக்குப் பின்னாடி போய்ப் பறக்க விடுங்க. ஒரு தொட்டி முழுக்க நின்னுட்டீங்கன்னா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் வாயே தெறக்க மாட்டேன், திங்கக்கிழம வந்து கீழ நிக்கிறேன். தல சுத்தறவனால ஒரு தொட்டி நிக்க முடியாது. அது நமக்குத் தெரியாதா?”

மனைவிக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பி சொன்னால் சரி. “அப்ப பண்ணுங்க” என்று சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்தாள்.

மாடிக்காரர் வரைய உட்கார்ந்தார். வழக்கமாக அவருடைய விமானங்கள் குச்சி மாதிரி இருக்கும்; மெல்லிய இறக்கை, கோபக்காரப் பேய்கள். இந்தத் தடவை பென்சில் வேறு பக்கம் போயிற்று. இறக்கையைத் தடிமனாக, அகலமாக வரைந்தார். அப்போதுதான் மெதுவாகப் பறக்கும். மெதுவாகப் பறந்தால் மெதுவாகச் சுற்றலாம். எடையை மூக்குப் பக்கம் தள்ளி வைத்தார். அப்போதுதான் துள்ளாமல் போகும். கம்பியையும் வழக்கத்தைவிட நீளமாக வெட்டினார். வட்டம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு நேரம் கூடும், தலைக்கு நோவு குறையும். சின்ன விமானத்துக்கு நீளக் கம்பி ஆகாது, தொய்ந்துவிடும். அதனால் இன்ஜினின் மூக்கை வட்டத்துக்கு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் பொருத்தினார். வெளி இறக்கையின் நுனியில் ஒரு ஈயத்துண்டு வைத்தார். அது எப்போதும் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும், கம்பி விறைப்பாக நிற்கும்.

இதுவரைக்கும் தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. வயதுக்கு ஏற்ற விமானம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். மரம் அறுப்பது, விளிம்பை உப்புத்தாளில் தேய்ப்பது, வால் மடலுக்குத் துணிக் கீல் ஒட்டுவது எல்லாம் ஒழுங்காக நடந்தன. இறக்கையின் எலும்புக்கூட்டின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, அதைச் சுருங்க வைக்க இஸ்திரிப் பெட்டி வேண்டும். அதை அவர் மனைவி செய்தாள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க சட்டைக்குக்கூட இவ்வளவு பொறுமையா நான் தேச்சதில்ல” என்றாள். சுருக்கமெல்லாம் மறைந்து மஞ்சள் இறக்கை பளபளவென்று ஆனதும், அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “நல்லபடியா நின்னுடுவீங்க இல்ல?” என்றாள் மெதுவாக.

எண்ணெய்த் தொட்டியை அவர் பிஸ்கட் டின் தகரத்தில் வெட்டி ஈயம் பற்ற வைத்துச் செய்வார். அன்று வழக்கமான அளவில் ஒன்றைச் செய்து முடித்தார். பிறகு அறையின் நடுவில் எழுந்து நின்று, கையை நீட்டி, கைப்பிடி இருப்பதாக நினைத்துச் சுற்றிப் பார்த்தார். பாதித் தொட்டிகூட ஆகியிருக்காது, அலமாரி அவர் மேல் சாய்ந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தரியை எடுத்து இன்னொரு தொட்டி வெட்டினார். இது முதல் தொட்டியில் பாதிதான் இருக்கும். வெளியே தெரியாமலிருக்க அதை மூக்குக்குள் செருகி, மேலே மெல்லிய பலகை ஒட்டி, மஞ்சள் வண்ணமும் அடித்துவிட்டார். தனக்குத் தானே கேள்வித்தாள் தயாரித்துக்கொண்ட மாணவன் மாதிரிதான். சரியாகச் சொன்னால், அதைவிடக் கேவலம்.

லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன் இருவரும் காலி மனைக்குப் போனார்கள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. மச்சினன் கம்பியைப் பிரித்துக்கொண்டே பின்னால் நடந்தான், நடந்துகொண்டே இருந்தான்.

“என்ன அத்தான், கம்பி வந்துகிட்டே இருக்கு? பக்கத்துத் தெருவுல நின்னு விடணும் போல.”

“வயசாகுது மாப்ள. பெரிய வட்டம்தான் நல்லது.”

“அதுவும் சரிதான்” என்று சிரித்தான். தடித்த இறக்கையைத் தட்டிப் பார்த்து, “நல்லா சாப்பிடுற விமானம்” என்றான். கைப்பிடியை இவர் பின்னால் சாய்க்க, வால் மடல் மேலே தூக்குகிறதா என்று பார்த்துக் கையைக் காட்டினான். பறப்பதற்கு முன் அதைப் பார்க்காமல் அவர்கள் யாரும் விடமாட்டார்கள். கம்பியை மாற்றி மாட்டிவிட்டால் ஏற நினைக்கும்போது இறங்கிவிடும். பிறகு எண்ணெயைச் சிரிஞ்சில் உறிஞ்சி, குழாயில் வைத்து அழுத்தினான். அழுத்திக்கொண்டிருக்கும்போதே தொட்டி நிறைந்து, போக்குக் குழாய் வழியாக எண்ணெய் வழிந்து அவன் விரலை நனைத்தது. சிரிஞ்சில் இன்னும் நிறைய இருந்தது. மச்சினன் சிரிஞ்சைப் பார்த்தான். பிறகு விமானத்தின் மூக்கைப் பார்த்தான். மாடிக்காரர் தூரத்தில் கைப்பிடி வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தார், அவன் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு இல்லை.

“ரெடியா அத்தான்?” என்றான். குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை.

விசிறியை விரலால் சுண்டியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மச்சினன் குனிந்து வாலைப் பிடித்திருந்தான். இவர் தலையசைத்ததும் விட்டான். விமானம் தரையில் ஓடி எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே கம்பி தொய்ந்தது. கைப்பிடியில் இழுப்பே இல்லை. அப்படியே விட்டால் வட்டத்துக்குள் திரும்பி அவர் தலையிலேயே வந்து விழும். மாடிக்காரர் பழைய ஆள், பதறாமல் இரண்டு எட்டு பின்னால் வைத்தார். கம்பி விறைத்தது. அதன் பிறகு வெளியே திருப்பிய மூக்கும் நுனியில் வைத்த ஈயமும் தங்கள் வேலையைச் செய்தன. மஞ்சள் விமானம் தோள் உயரத்தில், கோடு போட்ட மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சுற்றியது. இவ்வளவு சாதுவான விமானத்தை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷப்பட்டார்.

விமானத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும், பின்னால் ஓடும் மில் சுவரைப் பார்க்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். விமானத்தின் மஞ்சளையே பிடித்துக்கொண்டு நின்றார். சில சுற்றுகள் கழித்து இடது காதில் மோட்டார் இரைச்சல் ஆரம்பித்தது. இன்ஜினுடையதா, காதினுடையதா என்று பிரித்துப் பார்க்கப் பயந்தார். சுவர் தானாகவே கண்ணுக்குள் வந்தது. தரை மெல்ல வலது பக்கம் சாய ஆரம்பித்தது. இதோ விழப்போகிறேன் என்று அவர் நினைத்த அந்த நேரத்தில் இன்ஜின் இருமியது, இரண்டு தடவை கத்தியது, நின்றது. விமானம் சத்தமில்லாமல் சரிந்து வந்து, பூப்போலத் தரை தட்டி உருண்டு நின்றது.

மாடிக்காரர் அசையவில்லை. ஒரு எட்டு எடுத்து வைத்தாலும் குப்புற விழுவார் என்று அவருக்குத் தெரியும். அதனால் கைப்பிடியில் ஏதோ முடிச்சு சிக்கியது போல அங்கேயே குந்தி உட்கார்ந்து, இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் அருகில் வந்தபோது அவன் கையில் ஃபோன் இருந்தது. “அக்கா, நின்னுட்டாரு. ஒரு தொட்டி முழுக்க. இந்தா, நீயே பேசு” என்று அவர் காதில் வைத்துவிட்டு விமானத்தின் பக்கம் போனான்.

மறுமுனையில் அழுகை. “நான்தான் உங்கள சந்தேகப்பட்டுட்டேன்” என்றாள். “வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. சீக்கிரம் வீட்டுக்கு வாங்க.”

“சரி” என்றார். செத்துப்போகலாம் போலிருந்தது அவருக்கு.

தலை ஒரு நிலைக்கு வந்ததும் எழுந்து, மச்சினன் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மெல்ல நடந்தார். ஃபோனைக் கொடுத்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, “நாளைக்குக் காலையில கொஞ்சம் சீக்கிரமா வந்துடு மாப்ள” என்றார்.

“நான் நாளைக்கு வரல அத்தான். லீவு சொல்லிட்டேன்.”

“எப்ப சொன்ன?”

“இப்பதான். நீங்க அங்க உக்காந்து முடிச்சு அவுத்துட்டு இருந்தப்ப மெசேஜ் போட்டேன்.” கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். “அப்படியே வேற சைட்டுக்கு மாத்தித் தரச் சொல்லியும் கேட்டிருக்கேன்.”

“ஏன்?”

“எண்ணெ ஊத்தினது நான்தானே அத்தான்.”

“தெரிஞ்சுமா அக்காகிட்ட அப்படிச் சொன்ன?”

“வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உங்களுக்கு மேல போகணும். அக்காவுக்கு நிம்மதி வேணும். எனக்கு வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு. மூணு பேருக்கும் இதான் சரியா வரும்.”

“அப்ப நாளைக்குக் கொக்கி யாரு மாட்டுவா?”

“யாராவது மாட்டுவாங்க. ஆளா இல்ல?”

அவருக்கு முதலில் வந்தது கோபம். யாராவதா? அந்த யாராவதின் மேல் கம்பிக்கட்டு விழுந்தால் பரவாயில்லையா? வாய்வரை வந்ததை விழுங்கினார். இத்தனை நாளும் அவர் செய்ததைத்தான் மச்சினன் இப்போது ஒரே வரியில் சொல்லியிருக்கிறான். பாதித் தொட்டியை மூக்குக்குள் ஒளித்து வைத்தவருக்கு அவனைக் கேட்க என்ன யோக்கியதை? நாளைக்குக் காலையில் முகம் தெரியாத ஒருவன் கொக்கிக்குக் கீழே வந்து நிற்பான். வாக்கி டாக்கியில் ‘மெதுவா, மெதுவா’ என்பான். மேலே இருப்பவர் சொஸ்தமாக இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு நிற்பான். அவனுக்கும் வீட்டில் துணி காயப் போட்டபடி காத்திருக்கும் ஒருத்தி இருப்பாள்.

அவர் தன் ஃபோனை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க மாடிக்காரரே. நாளைக்கு வந்துடுறீங்கல்ல? மாத்து ஆளு வச்சு ஓட்டவே முடியல.”

“வருவேன் சார். மேல ஏற மாட்டேன். எனக்குத் தல சுத்துது.”

“இப்பவா? நல்லா தூங்கி எழுந்திரிங்க, சரியாயிடும்.”

“சரியாகாது சார். காதுல கோளாறு. டாக்டரே சொல்லிட்டாரு.”

சூப்பர்வைசரின் குரல் மாறியது. “அன்னிக்கு அந்தக் கம்பிக்கட்டு?”

“காத்து இல்ல சார். நான்தான்.”

“யோவ். எப்பலேருந்துய்யா இது?”

அன்றிலிருந்துதான் என்று சொல்லிவிடலாம். யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது. மச்சினன் இரண்டடி தள்ளிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழும்படியாகவே மாடிக்காரர் சொன்னார்: “போன கட்டடத்துலேருந்து சார். நாலாவது மாடி போட்டப்பவே ஆரம்பிச்சிடுச்சு.”

மச்சினனின் கை நின்றது. சூப்பர்வைசர் ஏதேதோ கத்திக்கொண்டிருந்தார். மாடிக்காரர் ஃபோனைக் காதிலிருந்து கீழே இறக்கினார்.

“போன கட்டடத்துக்கு ஒரு நாள் என் சின்னவளக் கூட்டிட்டு வந்தேன்” என்றான் மச்சினன். “மாமா எங்க இருக்காருன்னு பாக்கணும்னு ஒரே அடம். கொக்கிக்குக் கீழ நின்னு உங்களுக்குக் கை காட்டினா. நீங்க மேலேருந்து ஹாரன் அடிச்சீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அன்னிக்கு ஒரு வாளி கான்கிரீட்டையும் தூக்கிட்டுப் போனீங்க, அவ பாக்கறதுக்காக.” அவன் இப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். “அன்னிக்கு உங்களுக்குத் தல சுத்துச்சா அத்தான்?”

“சுத்துச்சு” என்றார் மாடிக்காரர்.